சக்கரத் தூசி

இதை எழுத உட்காரும்போதே எனக்குப் படபடக்கிறது. சர்க்கரை மாத்திரையும் மூக்குக் கண்ணாடியுமாக நாற்பதை எட்டிப் பார்க்கிற என் வயதுக்காரர்களே, நீங்களாவது நம்புவீர்களா என்று பார்க்கிறேன். எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் சக்கரம் வெடித்தது. டயரைச் சொல்லவில்லை. டயர் வெடித்தால் யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். சக்கரத்தைத் தேய்த்து எடுத்த தூசி வெடித்தது. எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவரும் அதை நம்பவில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போன் தொங்கிய காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பேசிக்கொண்டே இருக்கும்போது குய்யென்று கத்திவிட்டுச் செத்துப்போகுமே, அந்த போன். அப்பா அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற ஆள். அம்மா அதே கம்பெனியில் மருந்து அடைக்கிறவள். அப்பா விடியற்காலையில் தனி அறையில் கலந்து அனுப்புகிற மருந்தை, இன்னோர் அறையில் அம்மாவும் மூன்று பெண்களும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதக் குழாய்களில் அடைப்பார்கள். கலக்குகிறவன் கை பிசகினால் அவனோடு போகாது. அதனால் கலக்குகிற ஆள் யார் என்று பார்த்துத்தான் பெண்கள் உட்காருவார்கள். "அவரு கலந்ததுன்னா கண்ண மூடிக்கிட்டு உக்காரலாம்" என்று எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். அப்பாவுக்கு இருந்த சொத்தெல்லாம் அந்தப் பேர்தான்.

அவருடைய ஜாக்கிரதை எங்களுக்கு உயிர்போகிற தொந்தரவு. மோதிரம் போட மாட்டார். அரைஞாண் கயிற்றில் சாவி கட்ட மாட்டார். உரசினால் பொறி பறக்கும், இரும்பு ஆகாது. வீட்டில் ஒரு தம்ளர் கீழே விழுந்தால் போதும், சாப்பிடுகிறவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். பிறகு அசடு வழியத் திரும்பி வந்து உட்காருவார். சிந்தினது எதுவானாலும் விட மாட்டார். கம்பெனியில் அதுதான் சட்டம். ஒரு சிட்டிகை மருந்து தரையில் சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்து டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். சாயங்காலம் போர்மேன் வந்து எடுத்துப்போய்த் தூரத்துக் குழியில் வைத்து எரிப்பார். சிந்திக் கிடக்கிற மருந்துதான் ஆளைக் கொல்லும் என்று அப்பா எங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

தீபாவளி முடிந்தால் கம்பெனியைச் சாத்திவிடுவார்கள். அந்த வருஷம் சாத்தின கையோடு அப்பா விருதுநகருக்குப் போய், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எண்பதுகளில் கொஞ்ச காலம் மட்டும் வந்து நின்றுபோன மாடல். சக்கரத்தில் கம்பியே கிடையாது. நடுவிலிருந்து விரல் விரலாகப் பட்டை ஓடும், முழுக்க அலுமினியத்தில் வார்த்தது. இன்றைக்கு அலாய் வீல் இல்லாத வண்டி உண்டா? அன்றைக்கு எங்கள் தெருவே திரண்டு வந்து, கம்பி இல்லாமல் இது எப்படி நிற்கும் என்று குனிந்து குனிந்து பார்த்தது.

அம்மாவுக்குக் கம்பெனி வேன் ஆகாது. விடிவதற்குள் ஏறி, ஆள் மேல் ஆள் நெருக்கி, டீசல் நாற்றத்தில் தலை சுற்றி, கம்பெனி வாசலில் இறங்கினவுடன் வேலியோரம் போய் வாந்தி எடுப்பாள். ஒரு வருஷமா இரண்டு வருஷமா, கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். இனிமேல் காற்றாட வண்டியில் கூட்டிப் போகிறேன் என்று அப்பா சொன்னார். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் அன்று ராத்திரி சோறு போடும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இன்ஜின் வேலையைச் சாத்தூர் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். சக்கரத்தை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து அது பொரிந்துபோய், சுண்ணாம்பு அடித்ததைப் போல வெளுத்திருந்தது. லேத் பட்டறையில் மெஷினில் கொடுத்துத் தேய்த்தால் ஒரு பொழுதில் முடியும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். மெஷின் என்றால் பொறி பறக்குமே என்று அப்பா கையாலேயே தேய்க்க உட்கார்ந்தார். டயரைக் கழற்றி, வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தி, கொல்லைப்புறத் தகரச் சாய்ப்பில் சாக்கை விரித்துக்கொண்டார். சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார். பிறகு சொரசொரப்பான உப்புத்தாள், அதற்கு அடுத்து கொஞ்சம் நைசானது, கடைசியாகத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற கறுப்புத்தாள். அம்மாவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். அந்தச் சோடா வாடையும் ஈர உலோக வாடையும் இன்றைக்கும் சில சமயம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் என் மூக்குக்கு வரும்.

தேய்க்கிற இடத்திலும் கம்பெனிச் சட்டம்தான். செருப்பு ஆகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் சாய்ப்புக்குள் இருக்கலாம். நானும் தம்பியும் கொய்யா மரத்தைத் தாண்டி வரக் கூடாது. "ஏ தாயி, அங்கனயே நில்லு" என்பார். சக்கரத்துக்கு எதுக்குப்பா இம்புட்டுப் பவுசு என்று தம்பி கேட்டான். தேய்க்கிறது அலுமினியம்தானே, கம்பெனியில் மருந்தில் சேர்க்கிறதும் அலுமினியத் தூள்தானே என்றார் அப்பா. எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. கார்த்திகை மாதத்துக்குள் ஒரு சக்கரம் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. தம்பி அதில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டான்.

ஊரில் வேறு யாராவது தேய்த்திருந்தால் அந்தச் சாம்பல் நிறக் கழுநீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இவருக்கு மனசு வருமா? சிந்தினதை விடக் கூடாதே. சாக்கில் படிந்ததையும் தரையில் வழிந்ததையும் சோடாத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு ஒரு காலிப் பெயிண்ட் டப்பாவில் போட்டு, மூடியை உள்ளங்கையால் அடித்து இறுக்கி, சாய்ப்பின் மூலையில் வைத்தார். கம்பெனி திறந்ததும் குழியில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஒரு காலி டப்பா.

ஒரு வாரமாக நசநசவென்று மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, குளிக்க வெந்நீர் போட வேண்டும். வாசல் அடுப்பு மழையில் ஊறிக் கிடந்ததால், அம்மா சாய்ப்புக்குள் மூன்று கல்லைக் கூட்டி, கருவேல முள்ளை வைத்துப் பற்றவைத்தாள். அது தெரியாமல் அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தலையில் எண்ணெய் வழியக் கொய்யா மரத்தடியில் நின்றேன்.

அந்தச் சத்தத்தை என்னத்தைச் சொல்ல. காதில் விழவேயில்லை, வயிற்றில்தான் விழுந்தது. சாய்ப்பின் தகரம் எழும்பிக் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு ங்ங்ங் என்று ஒரே இரைச்சல், வேறு சத்தமே இல்லை. தம்பி வாயைத் திறந்து அழுதான், அழுகை கேட்கவில்லை. அம்மா வெளியே வரவில்லை.

பட்டாசு ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சத்தம் கேட்டால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்போம். எந்தத் திசையில் புகை, எந்தக் கம்பெனி என்று பார்ப்போம். அன்றைக்கு எல்லாக் கம்பெனியும் சாத்திக் கிடந்தது. புகை எங்கள் வீட்டில் இருந்தது. கம்பெனி சாத்தின காலத்தில் வீட்டில் வெடித்தால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு. திருட்டுத்தனமாக வீட்டில் வைத்து வெடி செய்கிறார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும் அது.

அப்பா உள்ளே பாய்ந்து அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது கை முழங்கை வரை வெந்து, புருவமும் முன்முடியும் கருகியிருந்தன. கண் திறந்திருந்தது, பேச்சில்லை. நான் தெருவைப் பார்த்தேன். தெருவே கூடியிருந்தது, ஆனால் எல்லாரும் தெருமுனையில் போன் தொங்குகிற பெட்டிக்கடைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒருத்தர்கூடக் கிட்டே வரவில்லை. எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலே ஓடிவருகிற சனம், வாளியில் மணலோடு அப்படியே நிற்கிறது. இரண்டாவது சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று வெடித்தால் பின்னாலேயே இன்னொன்று வெடிக்கும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஒண்ணும் இல்ல, வாங்க, வாங்க என்று அப்பா கத்துகிறார். அவர் ஓரடி முன்னால் வைத்தால் அவர்கள் ஓரடி பின்னால் போகிறார்கள். பிறகுதான் எனக்கு உறைத்தது, அவர்கள் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் தேய்த்த கை. தோள் வரை வெள்ளி பூசினாற்போல இருந்தது. மருந்தில் கை வைத்தவனுக்கு எங்கள் ஊரில் அந்த நிறம்தான்.

பெரியப்பாதான் கடைசியில் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கம்பெனி என்பதுதான். வீட்டில் என்று அப்பா சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. சாயங்காலம் போலீஸ் வந்துவிட்டது.

வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினார்கள். அரிசிப் பானையில் கையை விட்டுப் பார்த்தார்கள். திரி இல்லை, குழாய் இல்லை, மருந்து இல்லை. உப்புத்தாளும் சோடாப் பொட்டலமும் இரண்டு சக்கரமும்தான் இருந்தன. சக்கரத் தூசிதான் வெடித்தது என்று அப்பா சொன்னபோது வந்தவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அவரைத் தப்புச் சொல்லி என்ன? நான் பின்னால் காலேஜில் வேதியியல் எடுத்துப் படித்தபோதுதான், சோடாத் தண்ணீரும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் சூடேறி வாயு கிளம்பும், அதை இறுக்கி மூடினால் டப்பா தாங்காது, கிட்டே நெருப்பும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம் என்று தெரிந்தது. வகுப்பில் உட்கார்ந்தபடியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா ஜாக்கிரதையில்லாமல் ஒன்றுமே செய்யவில்லை. கம்பெனி சொல்லிக்கொடுத்த ஜாக்கிரதையை அப்படியே செய்திருந்தார்.

ஸ்டேஷனில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஒன்றும் கிடைக்காததால் வழக்கு இல்லை. பெரியப்பா வந்து உட்கார்ந்து அப்பாவுக்குப் புத்தி சொன்னார்.

"பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வெடி செஞ்சேன்னு சொல்லிட்டுப் போயிருலே. அது ஊர்ல நடக்கிறதுதான், நாலு நாள் பேசிட்டு விட்டுருவாக. சக்கரம் வெடிச்சுச்சுன்னு சொன்னா, இன்னும் எதையோ மறைக்கான்னுதான் நினைப்பாக."

"செய்யாதத எப்படிண்ணே செஞ்சேன்னு சொல்ல?" என்றார் அப்பா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெரியப்பாவும் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

போலீஸ் பெரிய விஷயம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனி மேனேஜர் வந்து, அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டுப் போனார். அவர் நல்ல மனுஷர்தான், அப்பாவைத் திட்டக்கூட இல்லை. "போலீசு விட்டுருச்சு, சரி. அடைக்கிற பொம்பளைக விடணும்ல? அவுக உக்காந்தா நீ கலக்கு. உக்காரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுப்பா" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து வரும்போதுகூட அப்படி இல்லை.

அம்மா தேறி எழுந்ததும் கையில் கட்டோடு கிளம்பினாள். அந்த மூன்று பெண்கள் வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலாவது வீட்டில் சின்ன வயசு அக்கா, கைக்குழந்தைக்காரி. அடுத்தது எங்களுக்கு அத்தை முறை. கடைசியாக, அம்மாவுக்கு வேலை பழக்கிவிட்ட பெரிய அத்தை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று நீ பார்த்தாயா? அம்மா பொய் சொல்லவில்லை. பார்க்கவில்லை, அவர் சொன்னார் என்றாள். அவர் சொன்னால் ஆச்சா என்று கேட்டாள் பெரிய அத்தை. எனக்கு ஆச்சு, இத்தனை வருஷம் அவர் கலந்ததில்தானே உட்கார்ந்தோம் என்றாள் அம்மா. வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் உயராமல், ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னாள். வீட்டில் உப்புப் போதவில்லை என்றாலே அப்பாவோடு சண்டைக்கு நிற்கிறவள் அவள்.

பெரிய அத்தை கடைசியில் ஒரு வார்த்தை சொன்னாள். "வெந்தவ நீ. நீ மொத உக்காரு. பெறகு நாங்க உக்காருறோம்." மற்ற இருவரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் லேசாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்தார்கள். திறக்கிற அன்று பூஜை. குடும்பத்தோடு வரச் சொல்லிச் சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் கொடுப்பார்கள். சூடமெல்லாம் வெளிவாசலோடு சரி, கம்பிவேலிக்கு உள்ளே ஒரு பொட்டு நெருப்பு போகக் கூடாது. பிள்ளைகளையும் வேலிக்கு உள்ளே விட மாட்டார்கள். ஆனால் அடைக்கிற ரூமுக்கு நாலு பக்கமும் கதவு உண்டு, ஏதாவது என்றால் ஓடுவதற்கு. எல்லாக் கதவும் திறந்திருந்ததால் வேலியிலிருந்து பார்த்தாலே உள்ளே தெரியும். நானும் தம்பியும் கையில் வாழையிலைத் துண்டும் பொங்கலுமாக நின்றோம்.

கலக்கு அறையிலிருந்து அப்பா வந்தார். வழக்கமாக வேறு ஆள்தான் மருந்துத் தட்டை எடுத்து வருவான், அன்றைக்கு அவரே எடுத்து வந்தார். வெறுங்காலோடு, தட்டை மார்புக்கு நேராகப் பிடித்து, கல்லில் தடுக்காமல் அடி மேல் அடி வைத்து வந்தார். ரூமுக்குள் தட்டை வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். மேனேஜர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பெண்களும் ஆளுக்கொரு கதவோரம் நின்றார்கள்.

அம்மா காலைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். தன் ரப்பர் விரிப்புக்கு முன்னால் போய் நின்றாள். சேலையைச் செருகினாள். உட்காருவதற்காகக் கொஞ்சம் குனிந்தாள். அப்படியே நிமிர்ந்துவிட்டாள். திரும்பவும் குனிந்தாள், திரும்பவும் நிமிர்ந்தாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். உட்காரும்மா, உட்காரும்மா என்று வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். என் குரல் அங்கே எட்டியிருக்காது.

கைக்குழந்தைக்காரி அக்காதான் முதலில் கிளம்பினாள். அப்புறம் அத்தை. பெரிய அத்தை கடைசி வரை பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் நடந்து வந்தாள். வேலியோரம் நின்ற சனத்திடம், "பொண்டாட்டியே உக்காரல. பெறகு என்னத்தப் பேச?" என்றாள். அத்தோடு ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் வெடி செய்திருக்கிறான், அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் உட்காரவில்லை. அது இன்றுவரை மாறவில்லை.

அப்பா அதற்குப் பிறகு மருந்தைத் தொடவில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வாட்ச்மேனாகப் போனார். வண்டியும் சக்கரங்களும் எப்போது யாரிடம் போயின என்று எனக்குத் தெரியாது, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது செங்கல் மட்டும்தான் இருந்தது. நான் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் கைவிட்டுவிட்டாளே என்று எனக்கு அப்படி ஓர் ஆங்காரம். பிரசவத்துக்கு வந்திருந்தபோதுதான், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன். அன்றைக்கு ஏம்மா உட்காரவில்லை? அப்பா மேல் உனக்குச் சந்தேகமா?

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அதிர்ந்துபோனேன். இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அப்பாவிடம் அவள் மெதுவாக ஒன்று சொன்னாளாம். வேறு யாருக்கும் கேட்கவில்லையாம்.

"ஒங்க மேல எனக்குச் சந்தேகமே இல்லங்க. காலு மடங்க மாட்டேங்குது."

அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'மடக்க வேண்டாம். வா, வீட்டுக்குப் போவோம்'னாரு" என்றாள் அம்மா.